கணக்கில் மட்டும் நின்ற கம்பங்கள்

1

போன வாரம் ஒரு கூட்டத்தில் சிரிக்கக்கூடாத இடத்தில் சிரித்துவிட்டேன். அதற்காக மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. கனடாவில் எதற்கும் ஒரு கடிதம் உண்டு.

நான் குடியிருப்பது கோதுமையைத் தவிர வேறெதுவும் நிமிர்ந்து நிற்காத ஒரு சமவெளியில். தப்பு, மின்கம்பங்களும் நிற்கின்றன. அவற்றை எண்ணுவதுதான் என் பிழைப்பு. ஒரு காலத்தில் இங்குள்ள விவசாயிகள் தங்களுக்குள் கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பண்ணை பண்ணையாகக் கரண்ட் இழுத்துக்கொண்டார்கள். இப்போது அவர்களுக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். சங்கத்தை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றுவிடலாமா என்று பார்க்கிறார்கள். விற்பதென்றால் விலை தெரிய வேண்டும். கம்பம் எத்தனை, கம்பி எவ்வளவு தூரம், டிரான்ஸ்பார்மர் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் வயதென்ன, தேய்மானம் போக இன்றைக்கு என்ன பெறும் என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் தேவை. அந்த ஆள் நான். கம்பம் எண்ணவா காஞ்சிபுரத்திலிருந்து அவ்வளவு தூரம் போனாய் என்று கேட்பீர்கள். என் அம்மாவும் அதைத்தான் கேட்டாள்.

கூட்டம் சங்கக் கட்டடத்தில் நடந்தது. நடுவில் ஓட்டை போட்ட இனிப்பு வடையும் கறுப்புக் காபியும் கொடுத்தார்கள். என் அறிக்கையை வாசித்தேன். வடக்குப் பக்கத்து மரக்கம்பங்கள் ஆயுள் முடிந்தவை என்று சொல்ல நினைத்து, நம் ஊர் இங்கிலீசில் "எக்ஸ்பயர்டு" என்று சொல்லிவிட்டேன். மனிதர் இறந்தால் மரியாதைக்குச் சொல்கிற வார்த்தையாம் அது. முன்வரிசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். செயலாளர் அம்மாள் அதை அப்படியே நடவடிக்கைப் புத்தகத்தில் ஏற்றினார். அந்த நாற்பது கம்பங்களும் இன்று ஆவணப்படி அமரர்கள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழுந்தார். "இதையெல்லாம் நீங்களே நேரில் போய்ப் பார்த்தீர்களா? இல்லை, எங்கள் பதிவேட்டைப் பார்த்து எழுதினீர்களா?"

நியாயமான கேள்வி. நான் சிரித்துவிட்டேன். அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எனக்கு மாகறல் ரோடு ஞாபகம் வந்துவிட்டது. அதை அவருக்கு எப்படிச் சொல்வது? உங்களுக்குச் சொல்லலாம்.

2

அறுபதுகளின் கடைசி. ஆட்சி மாறிய புதிது. சென்னையில் ஒரு மதிப்பீட்டுக் கம்பெனியில் எனக்கு இளநிலை வேலை. மாகறல் போகிற வழியில் சில கிராமங்கள் சேர்ந்து ஒரு மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் நடத்திவந்தன. அரசாங்கத்திடமிருந்து மொத்தமாகக் கரண்ட் வாங்கி, தங்கள் சொந்தக் கம்பிகளில் வீட்டுக்கும் பம்புசெட்டுக்கும் விற்கும் சங்கம். ஊரின் பெயர் வேண்டாம். அந்தப் பெயரில் இன்னும் தேர்தல் நடக்கிறது.

சங்கத்தை அரசாங்கத்துக்கே விற்றுவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். விலை மதிப்பிட என்னை அனுப்பினார்கள். "உனக்குத்தான் அந்தப் பக்கமெல்லாம் தெரியுமே" என்றார் மேலாளர். தெரியும் என்பதுதான் சிக்கல்.

கம்பெனிக்கு அந்தப் பக்கத்து வெளி வேலை பார்க்க வசதியாக நான் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெலுங்கு பேசும் நெசவுக்காரர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழே மூன்று தறிகள். காலையில் தறிச் சத்தத்தில் எழுந்து, மதிப்பீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால் பஸ் பிடித்து ஒன்பது மணிக்குச் சங்க அலுவலகத்தில் இருப்பேன்.

சங்கத்தின் தலைவர் வேணுகோபால். நிலபுலன் உள்ளவர். அவர் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள், பிரசிடெண்ட் என்பார்கள். மின்சாரச் சங்கம், பால் சங்கம், கோயில் திருப்பணிக் குழு எதற்கும் அவரே பிரசிடெண்ட். அவர் மனைவியும் "பிரசிடெண்ட் குளிச்சிக்கினு இருக்காரு" என்றுதான் சொன்னாள். ஆட்சி மாறிய வாரமே தோள்துண்டின் கரையை மாற்றிக்கொண்டவர். துண்டு அதேதான், கரை மட்டும்தான் புதிது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

முதல் நாள் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி பேரு?"

"ஜெ. ஞானசேகரன் சார்."

"எந்தப் பக்கம்? யாரு வூட்டுப் புள்ள?"

"காஞ்சிபுரம் சார். பிள்ளையார்பாளையம்."

"அப்படியா! நெசவுக்காரங்க வூட்டுப் புள்ளயா! அதான் மொகத்துல ஒரு களை இருக்குது" என்றார்.

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு வெள்ளி டம்ளரில் மோர் வந்தது. குடித்தேன். நன்றாகவே இருந்தது.

என் முழுப்பெயர் ஜோசப் ஞானசேகரன். கூரத்துக் காலனியில் பிறந்தவன். நடவுக்குப் போய்க்கொண்டிருந்த என் அம்மா எஸ்தர், பிறகு ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தரை துடைத்து என்னைப் படிக்க வைத்தாள். 'ஜெ' என்ற ஒற்றை இங்கிலீசு எழுத்துக்குப் பின்னால் ஜெகந்நாதனும் இருக்கலாம், ஜெயராமனும் இருக்கலாம். நம் ஊரில் இனிஷியல் என்பது ஒரு நல்ல கதவு. சாத்திவைக்கலாம்.

கம்பம் எண்ணும் வேலைக்குத் துணையாகச் சங்கத்து ஒயர்மேன் ஏகாம்பரம் வந்தார். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, இடுப்பில் கட்டிங் பிளேயர். ஆளுக்கொரு சைக்கிளில் போனோம். பதிவேட்டில் ஒரு வரி, தரையில் ஒரு கம்பம், என் புத்தகத்தில் ஒரு டிக். ஒரு கம்பத்தில் எருமை கட்டியிருந்தது. பக்கத்தில் போக அது விடவில்லை, தூரத்திலிருந்தே வயதைக் கணித்தேன். இன்னொன்றில் மூன்று கட்சிகளின் சுவரொட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தது. அந்தத் தடிமனைக் கழித்துவிட்டுத்தான் கம்பத்தின் சுற்றளவை எடுக்க முடிந்தது. டிரான்ஸ்பார்மருக்கு ஆயுத பூஜைப் பொட்டு காயாமல் இருந்தது. தேய்மான அட்டவணையில் பக்திக்கு ஒரு கட்டம் இல்லை.

மூன்று நாளில் ஊர் முடிந்தது. பதிவேடு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. பிரசிடெண்டின் தென்னந்தோப்புக்குப் போகிற லைனில் பதிவேட்டில் இருப்பதைவிட இரண்டு கம்பம் அதிகமாகவே இருந்தது.

3

நான்காவது நாள் கடைசிப் பக்கம். 'காலனி விஸ்தரிப்பு: கம்பம் பன்னிரண்டு, தெருவிளக்கு ஆறு' என்று எழுதியிருந்தது. நட்டு எட்டு வருஷம். ஏதோ ஒரு மானியத்தில் செய்த வேலை.

ஏரிக்கரை தாண்டியதும் ஏகாம்பரம் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்.

"செயின் கழண்டுக்கிச்சு சார்."

பார்த்தேன். "செயின் நல்லாத்தானே இருக்கு?"

"ஆமா சார். ஓட்டிக்கினே போனா காலனி வந்துடும்ல?"

"வந்தா என்ன?"

"கம்பம் எங்கன்னு கேப்பீங்க. நான் இன்னா சொல்றது?"

சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நடந்து போனோம். வரப்பு, களத்துமேடு, பிறகு முப்பது நாற்பது குடிசை. வானத்தைப் பார்த்தேன். சுத்தமான வானம். ஒரு கம்பி கிடையாது.

முதல் குடிசை வாசலில் ஒரு பெண் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். இடது கையில் முழங்கை வரைக்கும் தீப்பட்ட தழும்பு.

"யாருய்யா அது? புஸ்தகத்தோட வந்துக்கினு இருக்கீங்க. ஓட்டா, ஊசியா?"

"கரண்ட் கம்பம் எண்ண வந்திருக்கேம்மா."

அவள் உரித்த கடலையை முறத்தில் போட்டுவிட்டு நிதானமாகச் சிரித்தாள். "எண்ணு, எண்ணு. நாங்களும் எட்டு வருசமா எண்ணிக்கினுதான் இருக்கோம்."

அவள் பெயர் கன்னியம்மா. உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தாள். அதற்குள் ஏழு காகிதங்கள். மூன்று வருஷத்துக்கு முன்பு சிம்னி விளக்கு கவிழ்ந்து நான்கு குடிசைகள் எரிந்தன. அவளுடைய நாத்தனார் அதில் போய்விட்டாள். இழுக்கப் போனதில் வந்தது கைத்தழும்பு. அன்றிலிருந்து விளக்கு கேட்டு மனுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஏழு மனுவுக்கும் சங்கத்திலிருந்து ஒரே பதில். படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன்: "தங்கள் பகுதி ஏற்கெனவே மின்மயமாக்கப்பட்டுவிட்டபடியால் தங்கள் கோரிக்கை எழவில்லை."

"மின்மயம்னா இன்னாப்பா?"

"கரண்ட் வந்தாச்சுன்னு அர்த்தம்."

"வந்துச்சா? எப்ப வந்துச்சு? எவ்ளோ நேரம் இருந்துச்சு? நான் கழனிக்குப் போயிருந்தேனோ இன்னவோ."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள்தான் என்னை உற்றுப் பார்த்தாள்.

"உன் மொகம் பாத்த மொகமா இருக்குது. நீ கூரத்து எஸ்தர் மவன் இல்ல? ஆஸ்பத்திரில வேல செய்யுதே, அந்த எஸ்தரு. என் கைக்கு அதான் கட்டு மாத்தும். அதே மூக்கு உனக்கு."

ஏகாம்பரம் பக்கத்தில் நின்றார். அவர் எதிரில் ஆமாம் என்றால் சாயங்காலத்துக்குள் பிரசிடெண்ட் வீட்டு மோர் நின்றுவிடும்.

"எஸ்தரம்மாவத் தெரியும்" என்றேன்.

பெற்ற தாயை எனக்குத் தெரியும் என்று சொன்னேன். பொய்யில்லை, பாருங்கள். இன்றுவரை என் வாழ்க்கையில் நான் தயாரித்த மதிப்பீடுகளில் இதைவிடக் குறைத்து மதிப்பிட்டது வேறில்லை.

கன்னியம்மா "ஓகோ" என்றாள். அவ்வளவுதான். மறுபடி கடலையை எடுத்துக்கொண்டாள்.

4

இந்த இடத்தில் என் பெயருக்குக் கனடாவில் நேர்ந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

குடியேற்ற அலுவலகத்தில் இனிஷியல் செல்லாது. 'ஜெ' என்றால் என்ன, விரித்து எழுது என்றார்கள். எழுதினேன். குடும்பப் பெயர் எது என்றார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றேன். பெயர் இல்லாத குடும்பமா என்று அந்தப் பெண் கவலையோடு பார்த்தாள். கடைசியில் அப்பா வைத்த பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. என் மனைவி மிஸஸ் ஞானசேகரன், என் மகள் மிஸ் ஞானசேகரன். அவ்வளவு நீளம் வாயில் நுழையாததால் எல்லோருக்கும் நான் ஜோ. ஊரில் எந்தப் பெயரை ஒரு எழுத்துக்குள் ஒளித்து வைத்தேனோ அதைத்தான் இங்கே கோதுமைக்காரர்கள் கும்பிடுபோடாத குறையாகக் கூப்பிடுகிறார்கள்.

மகளிடம் ஒருநாள், அப்பா சின்ன வயதில் இருந்த வீட்டில் கரண்ட் இல்லை, கிணறு தூரத்தில், தரை மண்தரை என்று சொன்னேன். அவளுக்குக் கண்ணீர் வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் அதை ஒரு கட்டுரையாக எழுதினாள்: என் அப்பாவின் குடும்பம் வருஷம் முழுவதும் கூடாரம் போட்டு இயற்கையோடு வாழ்ந்தது. ஆசிரியை பக்கத்தில் ஒரு நட்சத்திரம் ஒட்டி, 'எவ்வளவு அதிர்ஷ்டசாலிகள்!' என்று எழுதி அனுப்பியிருந்தார். நான் அதைத் திருத்தவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

5

பிரசிடெண்டிடம் போனேன். பன்னிரண்டு கம்பம் இல்லை என்றேன்.

அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். "இருந்துச்சு தம்பி. புயல்ல போச்சு."

"பன்னிரண்டுமா? அடியோட? குழிகூட இல்லாமலா?"

"பெரிய புயல்" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதோ பாருப்பா. நீ நம்ம ஜனம். நல்லா வளர வேண்டிய புள்ள. எட்டு வருசத்துக்கு முந்தி கம்பம் வந்துச்சு, நட இடம் சரியில்ல, வேற எடத்துக்குத் தேவப்பட்டுச்சு. இப்ப அத்த எல்லாம் கிளறிக்கினு இருந்தா ஊருக்குத்தான் கெட்ட பேரு. இருந்ததா டிக் போட்டுடு. அவங்க என்ன, வெளக்கு வச்சிக்கினு பரிச்சைக்கா படிக்கப் போறாங்க?"

நான் படித்தவன் என்று சொல்லியிருக்க வேண்டும். சிம்னி விளக்கில் படித்தவன் என்று. சொல்லவில்லை. வேறொன்று சொன்னேன்.

"சார், நான் டிக் போட்டாலும் பிரயோஜனமில்ல. வெள்ளிக்கிழமை அரசாங்க இன்ஜினியர் வந்து கூட்டாய்வு பண்ணுவார். அன்னைக்கு எது தரையில நிக்குதோ அதுக்குத்தான் விலை. நிக்காத கம்பம் பதிவேட்டில இருந்தா, ஏன்னு எழுதச் சொல்லுவாங்க. மானியக் காகிதமெல்லாம் கேப்பாங்க."

அவர் வெற்றிலையை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். திங்கள், செவ்வாய், புதன், வியாழன்.

"நாலு நாள் இருக்குதில்ல?" என்றார்.

மறுநாள், செவ்வாய் மதியம், ஒரு லாரி வந்தது. பன்னிரண்டு சிமெண்டுக் கம்பங்கள், கம்பிச் சுருள். காஞ்சிபுரத்தில் யாரோ ஒரு கான்ட்ராக்டர் இரவலாகக் கொடுத்தவை. எட்டு வருஷம் வராத வெளிச்சம் ஒரே நாளில் லாரி ஏறி வருவதை அந்த ஊர் ஆச்சரியத்தோடு பார்த்தது. ஏகாம்பரம்தான் வேலைக்கு மேஸ்திரி. குழி வெட்டக் கூலி கொடுக்க மனமில்லாமல், உங்களுக்காகத்தானே, நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள் என்று காலனிக்குச் சொல்லிவிட்டார் பிரசிடெண்ட்.

அன்று சாயங்காலம் ஏகாம்பரம் என்னிடம் வந்து கட்டிங் பிளேயரைத் திறந்து மூடிக்கொண்டு நின்றார்.

"சார், ஒரு விசயம். நான் சொன்னதா வேணாம். ஆபீசரு போனதும் சனிக்கிழமை அதே லாரி திரும்ப வருது. கம்பத்த எல்லாம் புடுங்கிக்கினு போவ."

எனக்கு அப்போது கோபம் வந்தது. கோபத்தைவிட, இதை நானே யூகித்திருக்க வேண்டும் என்ற வெட்கம். ஏகாம்பரத்தின் சைக்கிளிலேயே காலனிக்குப் போனேன். கன்னியம்மா குழிக்கு அடையாளம் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"ரெண்டு வழி இருக்கும்மா. வெள்ளிக்கிழமை நானே ஆபீசர்கிட்ட, இங்க கம்பமே இல்ல, இது நேத்து நட்டதுன்னு நடந்ததையெல்லாம் எழுதிக் குடுக்கலாம். விசாரணை வரும். எட்டு வருஷத்துக்கு முந்தி அந்தக் கம்பமெல்லாம் யார் தோட்டத்துக்குப் போச்சுன்னு வெளிய வரும். ஆனா விசாரணை முடியிற வரைக்கும் ஒருத்தரும் இங்க கைவைக்க மாட்டாங்க. எத்தினி வருஷம் ஆகும்னு தெரியாது. இல்லன்னா, நட்ட கம்பம் நட்டபடியே இருக்கட்டும்னு பாக்கலாம். ஆபீசர் எண்ணிக் கையெழுத்துப் போட்டுட்டா அது சர்க்கார் சொத்து. அப்புறம் புடுங்கினா திருட்டு. ஆனா அந்த ஆள் பழைய திருட்டுலேந்து தப்பிச்சிடுவார்."

அவள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். "அவன் செயிலுக்குப் போனா, என் குடிசைல வெளிச்சம் வருமா?"

"வராது."

"அப்ப மொதல்ல கம்பம். அவன அப்பால பாத்துக்கலாம்."

நடுநடுவே இந்தப் பதிலை நான் சரிபார்த்ததுண்டு. திருடனை விட்டுவிட்டோமே என்று கனடாவில் கதகதப்பான அறையில் உட்கார்ந்து வருத்தப்படுவது எனக்குச் சுலபம். கை வெந்தது அவளுக்கு.

புதன் வியாழன் இரண்டு நாளும் காலனியே குழி வெட்டியது. ஏகாம்பரம் இத்தனை அடி போதும் என்றார். பெண்கள் அதற்குமேல் ஒரு முழம் தோண்டினார்கள். செய்யாற்றுப் படுகையிலிருந்து கூடை கூடையாகக் கல் சுமந்து வந்து, கம்பத்தைச் சுற்றிக் கெட்டித்து இடித்தார்கள். "இன்னாத்துக்கும்மா இவ்ளோ கல்லு?" என்றார் ஏகாம்பரம், தெரியாதவர் மாதிரி.

"புயல் வரும்னாங்களே" என்றாள் கன்னியம்மா.

6

வெள்ளிக்கிழமை. உச்சி வெயில். அரசாங்க இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். பிரசிடெண்ட் தோளில் புதுத் துண்டு. ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர், ஏகாம்பரம், நான். காலனிக்குள் அவர்களில் பாதிப்பேர் கால்வைத்தது அன்றுதான் முதல்தடவை என்று அவர்கள் நடையிலேயே தெரிந்தது.

இன்ஜினியர் முதல் கம்பத்தைத் தட்டிப் பார்த்தார். "எட்டு வருஷக் கம்பம்னு போட்டிருக்கு. புதுசா இருக்கே?"

"பழசை மாத்திப் புதுசு போட்டிருக்கோம் சார்" என்றார் பிரசிடெண்ட், கண்ணிமைக்காமல்.

"பழசு எங்க?"

"தேஞ்சு போச்சு சார்."

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். சிமெண்டுக் கம்பம் சோப்பு மாதிரித் தேயாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் என் புத்தகத்தைக் காட்டினேன். 'பன்னிரண்டு, இந்த வாரம் நட்டவை, புதியவை' என்று எழுதியிருந்தேன். எழுதியது உண்மை. அவர் படித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டு, வரைபடத்துல குறிச்சு, நீங்களே கையெழுத்துப் போட்டுட்டா நல்லது சார்" என்றேன். "பின்னால குழப்பம் வராது."

பிரசிடெண்ட் சட்டென்று திரும்பினார். "அதெல்லாம் எதுக்கு தம்பி? பெரியவரு வெயில்ல வந்திருக்காரு."

"நல்லதுதான், போடுங்க" என்றார் இன்ஜினியர்.

ஏகாம்பரம் தார் டப்பாவோடு தயாராக நின்றார். அந்த மனிதர் அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு சுருக்கக் கையெழுத்து. பன்னிரண்டாவதற்கு வரும்போது பிரசிடெண்டின் முகம் வெற்றிலை போடாமலே சிவந்திருந்தது.

அப்போதுதான் கன்னியம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். எல்லோரையும் தாண்டி நேராக என்னிடம் வந்தாள்.

"வெயில்ல நின்னுக்கினே இருக்கியேப்பா. தண்ணி குடி, எஸ்தர் மவனே."

அவள் வேண்டுமென்றே செய்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன். நாலு நாளாக அவளுடைய கல்லை, கடப்பாரையை, முதுகை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். என் பக்கமிருந்து அவள் பார்த்தது ஒரு புத்தகத்தை மட்டும்தான்.

சொம்பை வாங்கினேன். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், வாய்வைத்துக் குடித்தேன். முழுக்கக் குடித்தேன். "அம்மா உன்னக் கேட்டாங்க அக்கா" என்றேன். அம்மா அப்படி எதுவும் கேட்டிருக்கவில்லை. அது ஒன்றுதான் அந்த நாலு நாளில் நான் சொன்ன சுத்தமான பொய்.

பிரசிடெண்ட் துண்டை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினார். "அப்படியா சங்கதி" என்றார். "சொல்லவே இல்லியே தம்பி."

7

மறுநாள் லாரி வந்தது. வெறுமையாகத் திரும்பியது. கம்பத்தைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஏகாம்பரம் சொன்னார். உட்காராவிட்டாலும் அந்தக் கல்லைப் பெயர்த்துக் கம்பத்தை எடுக்க லாரிக்காரர்களுக்கு ஒரு மாதம் ஆகியிருக்கும்.

நான் கையெழுத்து வாங்கப் பிரசிடெண்ட் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே காகிதத்தை வாங்கிக்கொண்டார்கள். மோர் வந்தது, கொல்லைப்புறத்துக் கண்ணாடி டம்ளரில். ஒரு வாரத்தில் வெள்ளியிலிருந்து கண்ணாடிக்கு. இவ்வளவு வேகமான தேய்மானத்தை எந்த அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று மாதத்தில் அரசாங்கம் லைனை எடுத்துக்கொண்டு காலனிக்குக் கரண்ட் கொடுத்தது. திறப்பு விழாவில் பிரசிடெண்டுக்கு மாலை. 'காலனிக்கு ஒளி தந்த வள்ளல்' என்று ஒரு கல் நட்டார்கள். எங்கள் கூரத்தில் பல்லவர் காலத்துச் செப்பேடு கிடைத்ததாகப் பெருமையாகச் சொல்வார்கள். அதில் தானம் கொடுத்த ராஜாவின் பெயர் இருக்கிறதாம். ஏரிக்கு மண் சுமந்தவர்களின் பெயரை யாரும் தேடியதில்லை. மரபு ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை.

என்னைப் பற்றி ஒரு கடிதம் கம்பெனிக்குப் போனது. நான் ஜாதிப் பற்றுடன் மதிப்பிட்டேனாம். மேலாளர் நல்லவர், திட்டவில்லை. வெளி வேலையிலிருந்து எடுத்து, மேஜையில் உட்காரவைத்துக் கூட்டல் சரிபார்க்கச் சொன்னார். பிள்ளையார்பாளையத்து வீட்டுக்காரர், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வரப்போவதாகவும் மாடி வேண்டுமென்றும் மிகுந்த மரியாதையுடன் சொன்னார். மாடி அதற்குப் பிறகு வெகுநாள் காலியாக இருந்ததாகக் கேள்வி. கூட்டல் போட்டுப் போட்டு அலுத்து, ஒருநாள் கனடாவுக்கு மனுப் போட்டேன்.

இங்கே அதெல்லாம் இல்லை என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எண்ணி முடித்த இந்தச் சங்கத்தின் லைன் ஒரு ரயில் பாதையோடு நின்றுவிடுகிறது. பாதைக்கு அந்தப் பக்கம் இந்த மண்ணின் பூர்வகுடிகளின் வீடுகள். பதிவேட்டில் அவர்களுக்கு நேரே 'பொருந்தாது' என்று ஒரு வார்த்தை. இங்கே யாரும் பொய்க் கம்பம் காட்டவில்லை, கம்பமே வேண்டியதில்லை என்று எழுதிவிட்டார்கள். நம் ஊர்ப் பொய்யில் குறைந்தபட்சம், கொடுத்திருக்க வேண்டும் என்ற கூச்சமாவது இருந்தது. என் அறிக்கையில் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். மதிப்பீட்டுக்குச் சம்பந்தமில்லை என்று மேலதிகாரி அடித்துவிட்டார். மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

8

இரண்டு வருஷத்துக்கு முன்பு அம்மா காலமானபோது ஊருக்கு வந்திருந்தேன். பத்தாம் நாள் காலை கன்னியம்மாவைப் பார்க்கப் போனேன். தலை நரைத்திருந்தது. குரலில் ஒரு மயிரிழையும் நரைக்கவில்லை.

"வந்துட்டியா? நல்ல நாள்லதான் வந்த. பேனா வச்சிருக்கியா?"

விளக்கு எரிகிறது, ஆனால் மின்மினிப் பூச்சி மாதிரி எரிகிறது. ஒரே டிரான்ஸ்பார்மர், அதில் தோப்புக்காரர்களின் மோட்டார்கள் எல்லாம். மோட்டார் ஓடினால் காலனியில் பல்பு கண்ணை மூடுகிறது. தனி டிரான்ஸ்பார்மர் கேட்டு நாலு மனுப் போட்டிருக்கிறாள். துக்கம் விசாரித்தாள், அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள், ஐந்தாவது மனுவை என்னை எழுதச் சொன்னாள். எழுதினேன். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னாள். "'பணிவுடன்'ங்கிறத எடுத்துடு. நாலு தபா பணிஞ்சாச்சு."

பஸ் ஏறிக் காஞ்சிபுரம் வந்து மின்வாரிய அலுவலகத்துக்குப் போனோம். குமாஸ்தா என் கோட்டைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார்.

"சார் யாரு?"

"என் தம்பி" என்றாள் கன்னியம்மா. "கனடால கம்பம் எண்ணுறான்."

குமாஸ்தா பரபரவென்று எழுந்து உள்ளே போய், மூலையிலிருந்த ஒரே நாற்காலியைத் தூக்கிவந்து தூசி தட்டிப் போட்டார்.

"உக்காருங்க சார்."

கன்னியம்மா உட்கார்ந்தாள்.